ஜூலியட் வீடு, வெரோனா: பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து எழுதுறேன்

இத்தாலி வர்ற சொந்தக்காரங்க, வீட்டுக்காரரோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி, வெரோனாவுல ஷேக்ஸ்பியரோட ரோமியோ ஜூலியட் நாடகத்துல வர்ற ஜூலியட் வீடு இருக்காமே, காசு குடுத்து உள்ள போலாமா வேணாமான்னு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளல, அதான் உக்காந்து ஒரே தடவையா எழுதிடுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க, ஏன்னா அந்த வீட்டைப் பத்தி மட்டும் சொன்னா பாதி விஷயம்தான் சொன்ன மாதிரி ஆகும்.

நாங்க இருக்கிறது அர்சிஞானோல. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழில்ல இருக்கிறவங்களுக்கு இந்த ஊர் பேரு நல்லாவே தெரிஞ்சிருக்கும், மத்தவங்களுக்காக சொல்றேன், வடக்கு இத்தாலில விசென்சா பக்கத்துல இருக்கு, தெருவுக்குத் தெரு டேனரி. எங்க வீட்டுக்காரருக்கு டேனரி மிஷின் வேலை. வந்த முதல் நாள் ஜன்னலைத் திறந்ததும் அடிச்ச வாசனையில எனக்கு எங்க ஊரு பாலாத்தங்கரைதான் ஞாபகம் வந்துச்சு. இங்கருந்து வெரோனா கார்ல ஒரு மணி நேரம் கூட ஆகாது. ட்ரெயின்ல வர்றவங்க வெரோனா போர்த்தா நுவோவா ஸ்டேஷன்ல இறங்கி நேரா ஒரு இருபது நிமிஷம் நடந்தா பெரிய ரோமன் அரங்கம் இருக்கிற சதுக்கம் வந்துடும், அதைத் தாண்டி கடைத்தெருவுக்குள்ள நுழைஞ்சு எர்பே சதுக்கம் வரைக்கும் போனா அதுக்குப் பக்கத்துல கப்பெல்லோ தெரு, 23-ம் நம்பர். யாரையும் வழி கேக்கத் தேவையில்ல, கூட்டம் போற பக்கமே போனா போதும்.

என் பொண்ணுக்கு வர்ற மாசியிலதான் 14 முடியுது. இதை ஏன் சொல்றேன்னா நாடகத்துல ஜூலியட்டுக்கும் இன்னும் 14 ஆகல, ஜூலை கடைசியில ஆகப்போகுதுன்னு அவளை வளர்த்த ஆயாம்மா நாள் கணக்கு பார்த்து சொல்லுவாங்க. ஸ்கூல்ல நான் கதையாக் கேட்டப்ப இந்த வயசு என் மண்டையில ஏறவே இல்ல, பெரிய காதல் ஜோடின்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். இப்ப அதே வயசுல ஒண்ணு பக்கத்துல நின்னு பாப்கார்ன் கேக்குறப்பதான் ஏறுது.

முதல்ல வீட்டைப் பத்தி. தெருவுலருந்து உள்ள போற வளைவுக்கு மேல கல்லுல ஒரு தொப்பி செதுக்கியிருக்கு பாருங்க, எல்லாரும் பால்கனியைப் பாக்குற அவசரத்துல அண்ணாந்து பாக்காம போயிடுறாங்க. கப்பெல்லோன்னா இத்தாலி பாஷையில தொப்பி. அந்தக் காலத்துல இந்த வீட்டை வச்சிருந்தது தொப்பிக் குடும்பம், தால் கப்பெல்லோன்னு பேரு. ஜூலியட் குடும்பத்துப் பேரு கப்புலெத்தி, ரெண்டும் காதுக்கு ஒண்ணு போல கேக்குது, அவ்வளவுதான் சம்பந்தம். ரொம்ப காலம் இது சத்திரமா, வண்டி குதிரை கட்டுற இடமாத்தான் இருந்துச்சு, 1900-களோட தொடக்கத்துல நகராட்சி வாங்கினாங்க. இப்ப நாம பாக்குற ஜன்னல் வளைவு, உள் அலங்காரம் எல்லாம் 1930-களோட கடைசியில அந்தோனியோ அவேனான்னு ஒரு மியூசியம் அதிகாரி செஞ்ச வேலை. அந்தப் பால்கனியும் அப்ப வச்சதுதான், பழைய காலத்து செதுக்குக் கல்லை எடுத்துட்டு வந்து சுவத்துல பொருத்தியிருக்காங்க. இன்னொண்ணு, நாடகத்துல பால்கனிங்கிற வார்த்தையே கிடையாது, ஜன்னல்னுதான் வரும்.

அப்ப இது டூப்பான்னு கேப்பீங்க. எனக்கு அப்படித் தோணல. நம்ம ஊர்ல ஆத்தோரம் ஒரு பாறையைக் காட்டி சீதை குளிச்ச இடம்னு சொன்னா யாரும் பத்திரம் கேக்குறது இல்ல, கால் நனைச்சுட்டு கும்பிட்டுட்டு வர்றோம், ஒரு கதை நிக்கிறதுக்கு ஒரு இடம் தேவைப்படுது. கல்லு உண்மைதான், வீடும் பழசுதான், பால்கனி மட்டும் பின்னாடி வந்துச்சுன்னு தெரிஞ்சுட்டு பார்த்தா மனசு உடையாது.

மனசு நொந்தது வேற விஷயத்துல. முற்றத்துல ஜூலியட்டுக்கு ஒரு வெண்கலச் சிலை நிக்குது. நெரெயோ கொஸ்தந்தினிங்கிற சிற்பி செஞ்சது. அதோட வலது மார்பைத் தொட்டா காதல்ல அதிர்ஷ்டம்னு யாரோ எப்பவோ கிளப்பிவிட்டு, வர்றவங்க எல்லாம் கை வச்சு கை வச்சு அந்த இடம் மட்டும் பளபளன்னு தேஞ்சு போயிருக்கு. ஒரிஜினல் சிலை தேஞ்சு விரிசலே விட்டுடுச்சுன்னு 2014-ல அதை உள்ள எடுத்து வச்சுட்டு வெளிய நகல் வச்சாங்க, நகலும் இப்ப அதே கதி. லைன்ல நின்னு ஒவ்வொருத்தரா சிரிச்சுட்டு கை வச்சு போட்டோ எடுக்குறாங்க, அப்பா அம்மாங்க சின்னப் பசங்களைத் தூக்கிப் பிடிச்சு தொட வைக்கிறாங்க. என் பொண்ணு என் கையைப் பிடிச்சுட்டு, "அம்மா, அவளுக்கு பதிமூணு வயசுதானே"ன்னு கேட்டா. நான் என்ன சொல்றது, ஆமான்னேன். நாங்க போட்டோ எடுக்கல. போறவங்க கிட்ட கையெடுத்துக் கேட்டுக்கிறேன், தயவு செஞ்சு நீங்களும் அதைச் செய்யாதீங்க, உங்க பசங்களையும் செய்ய விடாதீங்க. பக்கத்துல சும்மா நின்னு படம் எடுத்துக்கோங்க, முகம் அவ்வளவு அழகா இருக்கு, கண்ணு கீழ பாத்துட்டு இருக்கும், அதை யாருமே பாக்குறது இல்ல.

சுவத்துல சூயிங்கம் வச்சு சீட்டு ஒட்டுறது, பேர் கிறுக்குறது எல்லாத்துக்கும் நகராட்சி அபராதம் வச்சிருக்கு, அதனால அந்த ஆசை வேணாம். உள்ள நாலஞ்சு மாடி ஏறி இறங்கணும், பழைய மரச்சாமான், 1968-ல வந்த ரோமியோ ஜூலியட் சினிமாவுக்கு செஞ்ச கட்டிலும் உடுப்பும் வச்சிருக்காங்க, ஒரிஜினல் சிலையும் அங்கதான். முட்டி வலி இருக்கிறவங்க யோசிச்சுக்கோங்க, என் மாமியார் வந்திருந்தா கீழயே உக்காந்திருப்பாங்க. பால்கனியில போய் நின்னா கீழ அத்தனை செல்போனும் நம்மளையே பாக்கும், அரை நிமிஷத்துக்கு மேல நிக்கத் தோணாது.

ஆனா உள்ள ஒரு தபால் பெட்டி இருக்கு, ஜூலியட்டுக்கு லெட்டர் போடுற பெட்டி. இது சும்மா விளையாட்டு இல்லைங்க. 1930-கள்ல ஜூலியட் கல்லறையைப் பாத்துக்கிட்ட எத்தோரே சோலிமானிங்கிறவரு, அங்க ஜனங்க வச்சுட்டுப் போன லெட்டருக்கெல்லாம் ஜூலியட் பேர்ல பதில் எழுத ஆரம்பிச்சாரு, அது அப்படியே வளர்ந்து இப்ப ஜூலியட் கிளப்னு ஒரு குழு, சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் உக்காந்து உலகத்துல எந்த மூலையிலருந்து வந்தாலும் கையால பதில் எழுதுறாங்க. கவர்ல ஜூலியட், வெரோனான்னு மட்டும் எழுதினாலே போய்ச் சேர்ந்துடும். என் பொண்ணு பையிலருந்து நோட்டை எடுத்து ஒரு ஓரமா திரும்பி நின்னு ரெண்டு பக்கம் எழுதினா. நான் எட்டிப் பார்த்தேன், கையை வச்சு மறைச்சுட்டா. சரின்னு நானும் படிக்கட்டுப் பக்கம் போயிட்டேன்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். வீட்டைப் பார்த்துட்டு வெளிய வர்ற முக்காவாசிப் பேருக்கு இது ஏதோ ரெண்டு பணக்காரக் குடும்பத்துப் பகைன்னுதான் நினைப்பு. அப்படி இல்ல, இது கட்சிச் சண்டை. அந்தக் காலத்து வடக்கு இத்தாலி முழுக்க ரெண்டு கட்சி, போப்பாண்டவர் பக்கம் ஒண்ணு, ஜெர்மனி பேரரசர் பக்கம் ஒண்ணு, குவெல்ஃபி, கிபெல்லினின்னு பேரு. ரோமியோ குடும்பப் பேரான மோந்தெக்கி வெரோனாவுல ஒரு கோஷ்டி, ஜூலியட் குடும்பப் பேரான கப்புலெத்திக்கு மூலமான கப்பெல்லெத்தி அங்கருந்து தள்ளி இருக்கிற க்ரெமோனா ஊர்க் கோஷ்டி. ஃப்ளோரன்ஸ்லருந்து கட்சித் தகராறுல நாடு கடத்தப்பட்டு வெரோனாவுல தஞ்சம் புகுந்த கவிஞர் தாந்தே, இந்த ரெண்டு பேரையும் ஒரே வரியில சேர்த்து, இத்தாலியைக் கட்சிச் சண்டை சீரழிச்சதுக்கு உதாரணமா பாடி வச்சிருக்காரு. அப்ப அதுல காதலே கிடையாது, வெறும் அரசியல்தான். பின்னாடி வந்தவங்கதான் அந்தக் கட்சிப் பேருங்களுக்கு ஒரு பையனையும் ஒரு பொண்ணையும் பிள்ளையாக் குடுத்தாங்க.

இதைக் கண்ணால பாக்கணும்னா ஆத்தங்கரையில காஸ்தெல்வெக்கியோ கோட்டைக்குப் போங்க. மதில் உச்சியில பல்லு பல்லா இருக்கும்ல, அது நேரா கட்டையா இல்லாம நடுவுல பிளந்து தூக்கணாங்குருவி வாலு மாதிரி இருக்கும். அது பேரரசர் கட்சி அடையாளம்னு சொல்லுவாங்க, சதுரமா இருந்தா போப் கட்சி. என் பொண்ணு கோட்டையையும் அதை ஒட்டியிருக்கிற பாலத்தையும் பார்த்துட்டு, "நம்ம ஊர்ல சுவத்துல கட்சி கலர் அடிச்சிருப்பாங்கல்ல அது மாதிரியா"ன்னு கேட்டா. அதே மாதிரிதான், இவங்க கல்லுலயே அடிச்சு வச்சுட்டாங்க.

மதியம் சாப்பாடு அந்தப் பக்கமே ஒரு இடத்துல, பேரு சொல்லல, சதுக்கத்தைப் பாத்த மாதிரி மேஜை போட்டிருந்தாங்க. மூணு பேரு உக்காந்தோம், பில்லுல நாலு பேருக்கு உக்காந்த காசு போட்டுட்டாங்க. இங்க மேஜைக்குன்னு தலைக்கு ஒரு தொகை போடுறது வழக்கம், கொப்பெர்த்தோம்பாங்க, அது தப்பில்ல, ஆனா தலையை எண்ணிப் பாத்துக்கோங்க. சொன்னதும் திருத்திக் குடுத்துட்டாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை போனதுதான் மொந்தெக்கியோ மஜ்ஜோரே. அர்சிஞானோலருந்து கார்ல கால் மணி நேரம். தமிழ்ல யாரும் இதைப் பத்தி எழுதி நான் பார்த்ததில்ல, அதனாலயே இந்த ரிவ்யூ எழுதுறேன்னு கூட வச்சுக்கோங்க. ஊருக்கு மேல ஒரே மலை முகட்டுல ரெண்டு கோட்டை, ஒண்ணைப் பாத்து ஒண்ணு நிக்குது, நடந்தா பத்து நிமிஷம். ஒண்ணு ரோமியோ கோட்டை, ஒண்ணு ஜூலியட் கோட்டைன்னு ஊர்க்காரங்க கூப்பிடுறாங்க. 1350-கள்ல வெரோனாவை ஆண்ட ஸ்காலா வம்சத்துக் கான்கிராந்தே ரெண்டாமவர் எடுத்துக் கட்டினது, காதலுக்கும் இதுக்கும் அப்ப ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா கீழ பள்ளத்தாக்குல மொந்தோர்சோன்னு ஒரு ஊர், அங்க இருந்த லூயிஜி தா போர்த்தோங்கிறவர்தான் ரோமியோ ஜூலியட்டுங்கிற பேரையும் வெரோனாங்கிற ஊரையும் வச்சு இந்தக் கதையை முதல்ல எழுதினவரு. இங்கிலீஷ் நாடகம் 1597-ல அச்சுல வர்றதுக்கு அறுபது வருஷத்துக்கு மேல முன்னாடி. ஜன்னலைத் திறந்தா இந்த ரெண்டு கோட்டையும் எதிரெதிரா நிக்கிறதைப் பார்த்து எழுதினாருன்னு இங்க நம்புறாங்க. மலை மேல நின்னு பார்த்தப்ப நானும் நம்பினேன்.

அவரு கதை இன்னும் பெருசு. குதிரைப்படை கேப்டன். 1511 பிப்ரவரியில உதினே ஊர்ல ஒரு பெரிய வீட்டு விருந்துல லுச்சினான்னு ஒரு பொண்ணு பாடினதைக் கேட்டு மயங்கினாருன்னு சரித்திர ஆய்வாளர்கள் சிலர் சொல்றாங்க, அவளுக்கு அப்ப பதினஞ்சு பதினாறு வயசு. சவோர்ஞான்னு பெரிய அரசியல் குடும்பம், அதுக்குள்ளயே ரெண்டு கிளை, ரெண்டுக்கும் ஆகாது. இவரு அம்மா வழி ஒரு கிளை, அந்தப் பொண்ணுக்குக் கார்டியனா இருந்த பெரியவரு இன்னொரு கிளை. பிப்ரவரி 27-ம் தேதி அதே ஊர்ல கட்சிக் கலவரம், அந்தப் பெரியவரோட ஆளுங்க எதிர்க்கட்சிப் பிரபுக்கள் வீடுகளைச் சூறையாடி ஆளுங்களை வெட்டிப் போட்டாங்க. சில மாசத்துல சண்டையில இவருக்குக் கழுத்துல காயம் பட்டு ஒரு பக்கம் வாதம் அடிச்ச மாதிரி ஆகிப்போச்சு. மொந்தோர்சோவுக்கு வந்து உக்காந்துட்டாரு. லுச்சினாவுக்கு அந்தக் குடும்பத்துக்குள்ளயே வேற ஒருத்தரோட கல்யாணம் ஆச்சு. கதையை எழுதி அவ பேருக்கே சமர்ப்பணம் பண்ணிட்டு 1529-ல இறந்துட்டாரு, அப்புறம்தான் அது அச்சாச்சு, அதுலயும் அவர் பேரு போடல.

ஜூலியட் கோட்டையில இப்ப ரெஸ்டாரண்ட் இருக்கு, அதுக்கடியில மலையைக் குடைஞ்சு கல் வெட்டின குகை இருக்கு. ரோமியோ கோட்டை உள்ள வெறும் திறந்தவெளி, வெயில் காலத்துல கச்சேரி நாடகம் நடக்கும். அன்னைக்கு யாருமே இல்ல. புல்லு, பல்லி, சுவத்துல காட்டு அத்தி. பொண்ணு இந்தக் கோட்டையில நின்னுட்டு அப்பாவை அந்தக் கோட்டைக்குப் போகச் சொல்லி கை ஆட்டிட்டு இருந்தா, அவரு கத்தினது இங்க கேக்கல, கை ஆடுறது மட்டும் தெரிஞ்சுது.

அங்க உக்காந்திருக்கிறப்ப எனக்கு ஞாபகம் வந்தது எங்க ஊரு. பேரு எதுவும் சொல்ல மாட்டேன். பத்தாவதுல என் பக்கத்துல உக்காந்த பொண்ணு, அவங்கப்பா ஒரு கட்சியில வட்டச் செயலாளர். பையன் ப்ளஸ் ஒன், அவன் அப்பா எதிர்க்கட்சியில அதே வட்டத்துல கவுன்சிலருக்கு நின்னவரு. தெருமுனையில ரெண்டு கொடிக்கம்பம், கை நீட்டினா தொடுற தூரம், ரெண்டு பேரும் அதுக்கடியிலதான் சைக்கிளை நிறுத்திப் பேசுவாங்க, பேசுறதுன்னா பரீட்சை எப்போ நோட்டு குடுங்கிற மாதிரிதான். அவன் ஒரு லெட்டர் எழுதி என்கிட்ட குடுத்தான், அவகிட்ட குடுக்கச் சொல்லி. நான் பயந்துட்டு ஜியாமெட்ரி பாக்ஸ்ல வச்சிருந்தேன், ரெண்டு நாள், அது கிளாஸ்ல மாட்டிக்கிச்சு. பிரிச்சு, கிளாஸ் முன்னாடியே படிச்சாங்க. உள்ளாட்சித் தேர்தல் நேரம் வேற. அந்த லெட்டர் சாயங்காலமே ரெண்டு கட்சி ஆபீஸுக்கும் போயிடுச்சு, ராத்திரி ரெண்டு கொடிக்கம்பத்தையும் பிடுங்கிப் போட்டு ஆளுங்க மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. அவளுக்கு டிசி வாங்கி அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, 18 ஆன மாசமே கல்யாணம். பையன் பரீட்சை எழுதவே வரல. லெட்டர்ல இருந்தது மொத்தம் நாலு வரி, அதுல ரெண்டு வரி பிறந்தநாள் வாழ்த்து.

நாடகத்துலயும் கடைசியில எல்லாம் கெட்டது ஒரு லெட்டராலதான். ஜூலியட் மருந்து குடிச்சு செத்த மாதிரி கிடக்கிறா, உண்மையில உயிரோட இருக்கான்னு எழுதின கடிதத்தைக் கொண்டு போற சாமியாரை பிளேக் பயத்துல ஒரு வீட்டுக்குள்ள வச்சு பூட்டிடுறாங்க, அது ரோமியோ கைக்குப் போகவே இல்ல. ஸ்கூல்ல நான் இந்தக் கதையைக் கேட்டதே அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான், அந்த சாமியார் இடம் வந்ததும் நான் அழுதுட்டேன், யாருக்கும் ஏன்னு தெரியாது.

கீழ இறங்கி ஊருக்குள்ள ஒரு சின்னக் கடையில சாப்பிட்டோம், அதைச் சொல்லியே ஆகணும். இந்த விசென்சா பக்கத்து ஸ்பெஷல் பக்கலா. நார்வேலருந்து வர்ற காஞ்ச மீனு, கட்டை மாதிரி இருக்கும், நாள் கணக்குல ஊறப் போட்டு வெங்காயம், பால், நெத்திலி, சீஸ் எல்லாம் சேர்த்து மணிக்கணக்குல மெதுவா வேக வைப்பாங்க. கூட பொலென்தா, அப்படியே நம்ம மக்காச்சோளக் களி. களியும் கருவாட்டுக் குழம்பும்னு எங்க ஊர்ல சாப்பிடுறதுதான், காரம் இல்ல புளி இல்ல, மத்தபடி எங்க ஆயா வீட்டுத் திண்ணையில உக்காந்த மாதிரியே இருந்துச்சு. பரிமாறின அம்மா நான் களியை விரலால கிள்ளி எடுக்குறதைப் பார்த்துட்டு இன்னொரு கரண்டி கொண்டு வந்து வச்சாங்க, காசு போடல.

கல்லறைக்குத் தனியா ஒரு நாள் மறுபடி வெரோனா போனோம். முதல் தடவையே போயிருக்கணும், நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. சான் ஃப்ரான்செஸ்கோ மடம், இப்ப சுவரோவிய மியூசியம், அது இருக்கிற தெருவுக்குப் பேரே லூயிஜி தா போர்த்தோ தெரு. கூட்டம் பாதி கூட இல்ல. நிலவறைக்குள்ள படியிறங்கினா சிவப்பு வெரோனாக் கல்லுல ஒரு பெட்டி, மூடி கிடையாது, உள்ள ஒண்ணுமே இல்ல. ஒரு காலத்துல தண்ணித்தொட்டியாக் கிடந்துச்சாம், அப்புறம் வர்றவங்க எல்லாம் ஓரத்தை உடைச்சு எடுத்துட்டுப் போயி நகை செஞ்சு போட்டுக்கிட்டாங்க, நெப்போலியன் பொண்டாட்டி மரீ லூயி உட்பட. கவிஞர் பைரன் கூட தன் மகளுக்கும் அக்கா மகளுங்களுக்கும்னு துண்டு எடுத்துட்டுப் போனாரு. பெட்டி விளிம்பு ஒரே மாதிரி இருக்காது, தடவிப் பாக்கணும்னு தோணும், தொடாதீங்க. இங்க கல்யாணப் பதிவும் நடக்குது, நாங்க போனப்ப முற்றத்துல அரிசி சிதறிக் கிடந்துச்சு.

டிக்கெட் எல்லாம் நெட்லயே பார்த்து முன்கூட்டியே போட்டுக்கோங்க, ஜூலியட் வீட்டுக்கு நேரம் குறிச்சு புக் பண்ண வேண்டியிருக்கும், வெரோனா கார்டு 24 மணி நேரம் 48 மணி நேரம்னு ரெண்டு இருக்கு, கல்லறை, காஸ்தெல்வெக்கியோ எல்லாம் பாக்குறதா இருந்தா கணக்குப் போட்டுப் பாருங்க. ரோமியோ வீடுன்னு ஒண்ணு காட்டுவாங்க, அது தனியார் வீடு, வெளிய சுவரை மட்டும்தான் பாக்க முடியும், அதுக்குன்னு சுத்திப் போக வேணாம். எனக்கு ஸ்டார் குடுக்கச் சொன்னா ஜூலியட் வீட்டுக்கு மூணு, கல்லறைக்கு நாலரை, மொந்தெக்கியோ மலைக்கு அஞ்சுக்கு அஞ்சு. பத்து வயசுக்கு மேல பசங்க இருந்தா கதையை முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, கட்சி விஷயத்தையும் சேர்த்து சொல்லுங்க, அவங்களுக்குப் புரியுது.

ஜூலியட் கிளப்லருந்து பதில் போன வாரம் வந்துச்சு. தபால்காரர் என் கையிலதான் குடுத்தாரு, பொண்ணு ஸ்கூல் போயிருந்தா. கையால எழுதின முகவரி, அவ பேரு, எங்க வீட்டு நம்பர். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா உள்ள இருக்கிற எழுத்து லேசா தெரியிற அளவுக்கு மெல்லிசு கவர். அவ மேஜை மேல, ஜியாமெட்ரி பாக்ஸுக்கு அடியில வச்சுட்டு வந்துட்டேன்.